கோடன் உறங்கவில்லை என அறிவிக்கும் ஓலை

மலை நிற்க. மழை பொழிக. இரு நாட்டு எல்லையும் வேலியாக அன்றி வாசலாக விளங்குக.

காரிமலை நாட்டின் காவலரும், ஐந்து கணவாய்களுக்கு உரியவரும், சொன்ன சொல் பிறழாத வேளிர் குலத்து வழிவந்தவரும், மறைந்த எம் பெருவேந்தர் அதிநாகரால் தம்பி என்று அழைக்கப்பட்டவருமாகிய மன்னர் விண்ணந்தையார் திருமுன்னுக்கு, வேங்கைமலை நாட்டு அரசி எழினித் தேவியார் தலை தாழ்த்தி விடுக்கும் ஓலை. உம் மதில் உறுதியாக நிற்கவும், உம் குதிரைகள் நோயின்றி வாழவும், தினைப்புனம் ஆண்டுதோறும் தலை சாய்க்கவும் தேவியார் வேண்டுகிறார். எம் நலத்தை இம்முறை கேட்க வேண்டா. இது நலம் சொல்லும் ஓலை அன்று.

முதலில் சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுமாறு தேவியாரின் ஆணை. உம் சிறையில் இருக்கும் கொம்புக்காவலர் கோடன் குற்றமற்றவர். பங்குனி ஒன்பதாம் நாள் அவர் காவலில் உறங்கவில்லை. சித்திரை முழுநிலவு நாளில் நிறைவேறும்படி அவருக்கு விதித்த கொலைத் தண்டனையை நிறுத்துக. இந்த இடத்தில் வாசிப்பை நிறுத்தி, சிறைக்கு ஆள் அனுப்பிவிட்டு, அதன் பிறகு மீதியைப் படிக்கக் கேட்டருளுக.

அரச ஓலைகள் இப்படித் தொடங்குவதில்லை என்பதை இதை எழுதும் ஓலைநாயகம் கண்டன் அறிவான். முப்பது ஆண்டாக எழுத்தாணி பிடித்தவன். சென்ற பங்குனியில் உம் அவைக்கு வந்த கடிய ஓலையையும் இவனே எழுதினான். அதில் "உறக்கத்துக்கு ஊரை விற்ற காவல்" என்றொரு தொடர் வந்திருக்கும். அந்தத் தொடரின் அழகைச் சொல்லிச் சொல்லி இவன் நண்பர்களிடம் இரண்டு நாள் மகிழ்ந்திருந்தான். இன்று அதை நினைத்தால் கை கூசுகிறது. இம்முறை அணி வேண்டா, மறைப்பு வேண்டா, பொறிநாயகம் அழிசியார் தம் வாயால் சொன்னதை அவர் நெஞ்சில் ஓடியது உட்படச் சொன்னபடியே எழுதுக என்று தேவியார் பணித்தார். அதனால் இனி வருவது பெரும்பாலும் அழிசியாரின் கதை.

தாயன் அழிசியாரை உம் நாட்டில் அறியாதவர் இல்லை. ஆயினும் இது பொது அவையில் வாசிக்கப்பட வேண்டிய ஓலை ஆதலால், கடைசி வரிசையில் நிற்பவருக்கும் விளங்கும்படி சொல்கிறோம். இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன், வடகரைக் குதிரையரின் கொள்ளைக்கு அஞ்சி அதிநாகரும் உம் தந்தையாரும் ஒன்று கூடியபோது, அழிசியார் ஒரு பொறியைச் செய்து காட்டினார். மலை உச்சியில் நெடிய செப்புக்கொம்பு ஒன்றை நட்டு, அதன் அடியில் புளிநீர்க் குடங்களை வரிசையாகப் பிணைத்து, பொறிப்பெட்டியின் நெம்பைத் தட்டினால் நீலப் பொறி ஒன்று தெறிக்கும். அதே நேரத்தில் நான்கு காதம் தள்ளி இன்னொரு மலையில் நட்ட கொம்பின் அடியில் தொங்கும் காந்தமுள் சடக்கென்று திரும்பும். நடுவில் கயிறும் இல்லை, தீயும் இல்லை, ஓடும் ஆளும் இல்லை. ஒரு தட்டு நலம், மூன்று தட்டு பகை என்று ஏழு குறிப்புகளை இரு நாட்டாரும் வகுத்துக்கொண்டார்கள்.

இதற்கு நிபந்தனை ஒன்றே ஒன்று. இரண்டு கொம்பும் ஒரே நீளமாக இருக்க வேண்டும். ஒரு சுருதிக்குக் கட்டிய இரண்டு யாழில் ஒன்றை மீட்டினால் மற்றொன்று தானே அதிரும், சுருதி பிசகினால் சும்மா கிடக்கும். இந்த உவமையை மாணாக்கர்களுக்கு ஆண்டுதோறும் சொல்லிக் கொடுத்தவர் அழிசியாரே. ஊருக்கு உபதேசம் எனக்கில்லை என்ற கதைதான்.

காரிமலைக் கொம்பு சொல்லும், எம் எல்லையில் பருந்துப்பாறைக் கொம்பு கேட்கும், கேட்டதை உள்நாட்டுக் கொம்புகளுக்குச் சொல்லும் என்பது ஏற்பாடு. உம் காவலர் எம்மிடமிருந்து மறுமொழி எதிர்பார்ப்பதில்லை. சொல்வது அவர் கடமை, கேட்பது எம் கடமை. உடன்படிக்கைப் பட்டயத்தில் "கொம்பின் நீளம் மூன்று கோல்" என்று பொறித்தார்கள். அது எத்தனை முழம் என்று பொறிக்க எவருக்கும் தோன்றவில்லை. வினை அங்கேதான் முளைத்தது.

எம் நாட்டு வழக்கம் ஒன்று உண்டு. புதிய அரசர் முடி சூடும் நாளில் சந்தனக் குழம்பில் பாதம் பதிப்பார். அந்தப் பாதம் பன்னிரண்டு சேர்ந்தது ஒரு கோல். பழைய கோல்களை மாலையிட்டு ஆற்றில் விடுவோம். அன்று முதல் வயலும் மனையும் மதிலும் புதிய கோலால் அளக்கப்படும். அரசர் நடந்த அளவே நாட்டின் அளவு என்பது முன்னோர் கொள்கை. உம் நாட்டில் அவ்வழக்கம் இல்லை. அதிநாகர் நட்புக்குத் தந்த கோலையே கோயிலில் வைத்து இன்றளவும் அளக்கிறீர்கள். எம்மைவிட எம் வேந்தரின் அளவை நீங்கள் நன்றாகக் காத்தீர்கள் என்று ஒப்புக்கொள்ளாமல் தீராது.

சென்ற தைத் திங்களில் எழினித் தேவியார் முடி சூடினார். தேவியாரின் பாதம் தந்தையார் அதிநாகரின் பாதத்தைவிட இரண்டு விரல் குறைவு. எனவே கோலும் குறைந்தது. இதில் இழிவு ஒன்றும் இல்லை, கோல் முன்பும் கூடியும் குறைந்தும் வந்ததே. ஆனால் மலை மேல் நின்ற செப்புக்கொம்புகளைத் தொட வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. தொட வேண்டும் என்றது அழிசியாரின் ஆசை.

அந்த ஆசைக்கு ஒரு காரணம் இருந்தது. மூன்று ஆண்டு உழைத்து அவர் "இழையரம்" என்றொரு கருவியைச் செய்திருந்தார். கொம்பைக் கவ்விக்கொண்டு அதன் மேலேயே ஊர்ந்து ஏறும், தலைமயிர் அளவும் பிசகாமல் செம்பை அறுக்கும், அறுத்த முகத்தைக் கண்ணாடிபோல் தேய்த்துவிடும் கருவி அது. செய்த கருவிக்கு வேலை வேண்டுமே. பழைய வேந்தரின் பாதம் மலைச் சிகரத்தில் நிற்கப் புதிய அரசியின் பாதம் வயலில் மட்டும் நடப்பது முடிக்கு அழகாகுமா என்று அவர் அவையில் விண்ணப்பித்தார். தேவியார் இசைந்தார். அந்தச் சொல் தமக்கு இனிப்பாக இருந்தது என்றும், அதையும் விடாமல் எழுதுக என்றும் தேவியார் கட்டளை.

மாசித் திங்களில் எட்டு மலைகளிலும் இழையரம் ஏறி இறங்கியது. மூன்று கோலுக்கு முப்பத்தாறு பாதம், பாதத்துக்கு இரண்டு விரல் குறைய, ஒவ்வொரு கொம்பின் தலையிலிருந்தும் மூன்று முழச் செம்பு அறுந்து விழுந்தது. அறுத்த பின் அழிசியார் ஒவ்வொரு கொம்பையும் அடுத்த கொம்போடு பேச வைத்துப் பார்த்தார். எட்டும் ஒரே அளவில் குறைந்தமையால் எட்டும் தமக்குள் நன்றாகவே பேசின. பருந்துப்பாறையைக் காரிமலையோடு சோதித்தாரா என்றால், இல்லை. அங்கே போக இரண்டு நாள் ஆகும், இங்கே அவருக்குப் பொன்னாடை போர்த்தும் விழாவுக்கு நாள் குறித்தாயிற்று. தம் கோல் தம் எல்லையோடு முடிந்துவிடும் என்பது அத்தனை பெரிய மூளைக்கு அன்று எட்டவில்லை.

பருந்துப்பாறையில் காந்தமுள்ளைக் காக்கும் சாத்தி என்னும் நங்கை மாசிக் கடைசியிலேயே ஆளிடம் சொல்லி அனுப்பினார். கொம்பு அறுத்த நாள் முதல் காரிமலையின் விடியற்கால நலக்குறிப்பு வரவில்லை, ஐயா ஒருமுறை வந்து பார்க்க வேண்டும் என்பது அவர் சொல். காரிமலையார் குடத்தில் புளிப்புக் குறைந்திருக்கும், ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையாகக் கொம்பைக் குறை சொல்ல வேண்டா என்றும், தாமே காரிமலைக்கு எழுதிக் கேட்பதாகவும் அழிசியார் மறுமொழி அனுப்பினார். எழுதவில்லை. மறந்துவிட்டதாக இரண்டு நாள் முன்பு வரை சொல்லிக்கொண்டிருந்தார். மறக்கவில்லை, எழுதினால் உம் கம்மியர் திருப்பிக் கேள்வி கேட்பார்களே என்று தள்ளிப்போட்டதாக நேற்றுச் சொன்னார்.

பங்குனி ஒன்பதாம் நாள் வடகரைக் குதிரையர் வந்தார்கள். விடியலில் கோடன் தூசியைக் கண்டு மூன்று தட்டுத் தட்டத் தொடங்கினார் என்பதை இப்போது அறிவோம். அன்று எம் ஆற்றங்கரை ஊராகிய நாவல்துறையில் சந்தை. நண்பகலுக்குப் பின் குதிரையர் ஆற்றைக் கடந்தபோது ஊரில் ஒருவர் கையிலும் வேல் இல்லை, ஒரு வண்டியும் பூட்டப்படவில்லை. நாற்பத்தொரு பேர் இறந்தார்கள். ஊரின் பாதி எரிந்தது. பருந்துப்பாறையில் சாத்தி அசையாத முள்ளின் முன் அன்று முழுவதும் உட்கார்ந்திருந்தார். புகையைக் கண்டபின்தான் எழுந்தார். அவருடைய அக்காளும் அக்காள் மகளும் நாவல்துறையில் இருந்தார்கள். இருவரும் பிழைக்கவில்லை.

மூன்றாம் நாள் அவை கூடியது. செய்தி வராத காரணத்தைப் பொறிநாயகம் சொல்ல வேண்டும் என்று தேவியார் கேட்டார். அழிசியார் எழுந்து, எம் கொம்புகள் மயிரிழையும் பிசகாதவை, முள் அசையவில்லை என்றால் அங்கே எவரும் தட்டவில்லை என்று பொருள், தட்டாதவர் உறங்கினார் என்று பொருள் என்று அறிவித்தார். விளக்கின் மேல் கை வைத்தும் சொன்னார். அந்த நொடியில் சாத்தி மாசியில் சொல்லி அனுப்பியது நினைவில் எழுந்ததாகவும், எழுந்த வேகத்திலேயே அதை அமுக்கிவிட்டதாகவும் அவரே கூறுகிறார். பொன்னாடை தோளில் இருக்கையில் வேறு எதையும் சொல்ல நா எழவில்லையாம். அன்றே கடிய ஓலை எழுதப்பட்டு, இலச்சினை இடப்பட்டு, உம்மிடம் வந்தது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். பாவம் எம்முடையது, பழி கோடனுக்குப் போயிற்று.

உண்மையைக் கண்டது அவையும் அன்று, ஆசானும் அன்று, சாத்திதான். ஊரார் அவரையும் உறங்கியவள் என்று பேசத் தொடங்கியிருந்தார்கள். தாம் உறங்கவில்லை என்பது அவருக்குத் தெரியும். அப்படியானால் காரிமலையில் இருந்தவர் மட்டும் உறங்கியிருப்பார் என்று ஏன் நம்ப வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு வந்தது. அறுந்து விழுந்த மூன்று முழச் செம்பைத் துணி உலர்த்தும் கழியாக வைத்திருந்தார். அதை எடுத்துக்கொண்டு கொம்பின் மேல் ஏறி, நுனியில் பொருத்திச் செப்புக் கம்பியால் இறுக்கிக் கட்டினார். மறுநாள் விடியலில் முள் திரும்பியது. உம் புதிய காவலர் அனுப்பிய நலக்குறிப்பு அது. நாவல்துறை எரிந்து பதின்மூன்று நாளுக்குப் பிறகு எங்களுக்குக் கேட்டது.

சாத்தி செம்பை அவிழ்த்துத் துணியில் சுற்றி, மூன்று நாள் நடந்து, அழிசியாரின் பட்டறைக்கு வந்தார். நேரே அரண்மனைக்கு வரவில்லை. ஆசானுடைய பிழையை ஆசானே சொல்லிக்கொள்வதுதான் மரியாதை என்று அவர் நினைத்தார். கழியைக் கண்டதும், அவர் வாய் திறப்பதற்கு முன்பே அழிசியாருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தாமே தேவியாரிடம் சொல்வதாக வாக்களித்து, ஊர் திரும்பும்படி கேட்டுக்கொண்டு, ஒரு பட்டுச் சேலையையும் நீட்டினார். சாத்தி அதைப் பட்டடை மேல் வைத்துவிட்டுப் போனார்.

அதன் பிறகு ஒன்பது நாள். இந்த ஒன்பது நாளைச் சொல்லத்தான் அழிசியார் மிகவும் வருந்தினார், எழுதத்தான் இவனும் மிகவும் தயங்குகிறான். முதல் நாள் தேவியார் கோயிலுக்குப் போயிருந்தார். இரண்டாம் நாள் அட்டமி. மூன்றாம் நாள் நெஞ்சு வலி. அதன் பிறகு காரணங்களும் தீர்ந்துபோய், சும்மா இருந்தார். இதற்கிடையில் எட்டு மலைக்கும் ஆள் அனுப்பி, காற்றுக்குத் தாங்கும் உறுதி வேண்டும் என்று காரணம் சொல்லிக் கொம்புகளைப் பழைய நீளத்துக்கு ஒட்டவும் ஏற்பாடு செய்தார். கொம்பு சரியாகிவிட்டால் பிழையும் சரியாகிவிடும் என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டாராம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தார். உம் காவலருக்கு என்ன ஆகும் என்று அவர் எண்ணாத நாள் இல்லை. எண்ணியும் வாய் திறக்காத நாளாகவே ஒவ்வொன்றும் கழிந்தது.

சித்திரை மூன்றாம் நாள் உம் தூதர் பெருஞ்சேந்தனார் எம் அவைக்கு வந்தார். நாவல்துறை மக்களுக்கு நூறு மூடை தினையும், கூரைக்கு மரமும் கொண்டுவந்து, தேவியாரின் முன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, காரிமலை நாட்டின் பிழையைப் பொறுக்க வேண்டும் என்று கேட்டார். செய்யாத பிழைக்கு ஒரு நாடு எம் தரையில் நெற்றியை வைத்தது. மூன்று முழத் தொலைவில் பொன்னாடையோடு அழிசியார் உட்கார்ந்திருந்தார். எழவில்லை.

பந்தியில் இருவருக்கும் அடுத்தடுத்த இலை. கோடன் உம் அவையில் சொன்னதைத் தூதர் அங்கே விரித்துரைத்தார். விடியல் முதல் அந்தி வரை தட்டியதாகவும், குடத்து நீர் வற்றிய பின்னும் நெம்பை விடவில்லை என்றும், பொறி பட்டு இரு உள்ளங்கையும் வெந்துபோனதாகவும் கோடன் கூறினாராம். கைகளை விரித்தும் காட்டினாராம். தண்டனைக்கு அஞ்சித் தானே சுட்டுக்கொண்ட புண் என்று நடுவர்கள் தள்ளிவிட்டார்கள். ஒருவேளை வேங்கைமலைக் கொம்புக்குக் காது கேட்காமல் போயிருக்கலாமே என்று கோடன் கடைசியாகச் சொன்னபோது அவையே சிரித்ததாகவும், அழிசியார் இருக்கும் நாட்டில் கொம்பு செவிடாகுமா என்று நடுவர் கேட்டதாகவும் தூதர் தெரிவித்தார். புகழ்ச்சி என்று எண்ணியே அதைச் சொன்னார். சொல்லிவிட்டு, காவலர்களை உறங்கவிடாமல் எழுப்பும் பொறி ஒன்றைக் காரிமலைக்கும் செய்து தர வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொண்டார். அழிசியார் செய்து தருவதாகத் தலையசைத்தார்.

மறுநாள் காலை தூதர் வேறொரு தூதுக்காகக் கடல்நாட்டுக்குப் புறப்பட்டுவிட்டார். அழிசியார் பட்டறையில் ஓலை விரித்து, காவலர் கண் அயர்ந்தால் மணி அடிக்கும் பொறிக்குக் கோடு கிழிக்கத் தொடங்கினார். ஒரு சக்கரம் வரைந்தார், ஒரு நெம்பு வரைந்தார். நெம்பைப் பிடிக்கும் கையை வரைய வேண்டிய இடம் வந்ததும் எழுத்தாணி நின்றுவிட்டது. உறங்காத ஒருவரை எழுப்புவதற்குப் பொறி செய்கிறோமே என்று அவருக்குத் தம் மேலேயே அருவருப்பு வந்ததாம். அறுபது வயதில் ஒரு மனிதர் பட்டறைத் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுததைக் கொல்லர்கள் பார்த்தார்கள். அன்று நண்பகல், சாத்தி விட்டுச்சென்ற செப்புக்கழியைத் தோளில் வைத்துக்கொண்டு, தெருவில் எல்லோரும் பார்க்க நடந்து அரண்மனைக்கு வந்தார். மேலே எழுதிய அனைத்தையும் நின்றபடியே சொன்னார். பொன்னாடையைக் கழற்றிக் கழியின் மேல் வைத்தார்.

அதைக் கேட்டுத் தேவியார் சொன்னது இது. அழிசியார் செய்த குற்றம் அழிசியாருடையது. ஆயினும் கடிய ஓலையில் இருப்பது அவருடைய இலச்சினை அன்று. பருந்துப்பாறையில் முள்ளைக் காத்த நங்கையை அழைத்து ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். கேட்கத் தோன்றவில்லை. ஆசானின் பெயர் பெரிது என்று நம்பியதும், அயல்நாட்டார் உறங்கியிருப்பார் என்று எளிதில் நம்பியதும் அரசியின் குற்றம். இதைச் சொன்னபோது தேவியாரின் குரல் உடைந்தது என்பதையும் இவன் எழுதுகிறான். இதற்கு மட்டும் ஆணை பெறவில்லை.

அதன்பின் பிறந்த கட்டளைகள் இவை. செப்புக்கொம்புகள் இனி எக்காலத்தும் அதிநாகர் கோலாலேயே நிற்கும், முடி மாறினாலும் அவை மாறா. ஒட்டிய இடத்தைத் தேய்த்து மறைக்கலாகாது, ஏறிப் பார்ப்பவர் எவருக்கும் அந்த ஒட்டுத் தெரிய வேண்டும். பருந்துப்பாறைக்கு எந்தப் பொறிநாயகம் வந்தாலும் சாத்தியின் சொல்லைக் கேட்ட பின்பே கருவியைக் கையில் எடுக்க வேண்டும். நாவல்துறைக்குத் தேவியாரே நேரில் சென்று, ஊரார் இத்தனை நாள் காரிமலையைச் சபித்தது தவறு என்றும், சபிக்க வேண்டியது யாரை என்றும் சொல்வார். நாளை புறப்படுகிறார். உம் தூதர் கொண்டுவந்த தினையும் மரமும் எம் களஞ்சியத்திலிருந்து இரண்டு மடங்காகத் திரும்பும். அந்தப் பழைய ஓலையை எரிக்க வேண்டா, இதனோடு சேர்த்துக் கட்டி வைத்து, பின்வருவோர் இரண்டையும் ஒருசேரப் படிக்கச் செய்க.

இவை எம் நாட்டுக்கு ஆணை. உம் நாட்டுக்கு ஆணையிடும் தகுதி எமக்கில்லை, வேண்டுகோளே உண்டு. பொய்ப்பழி சுமத்தியவர் அந்தப் பழிக்குரிய தண்டனையைத் தாமே ஏற்க வேண்டும் என்பது இரு நாட்டுக்கும் பொதுவான நீதி. எனவே இவ்வோலையைக் கொண்டுவருபவர் அழிசியாரே. அவர் குதிரை ஏறிப் பழகாதவர், ஆயினும் ஏறுகிறார். கையில் விலங்கில்லை, உடன் காவலும் இல்லை. வழியில் தப்பிவிட மாட்டாரா என்று அவையில் ஒருவர் ஐயுற்றார். தப்ப விரும்பியவருக்கு ஒன்பது நாள் இருந்தது என்று தேவியார் விடையளித்தார். அவர் தாமதித்தால் கோடனின் உயிருக்குக் கேடு வருமே என்பதால், இதே ஓலையின் இரண்டு படிகள் வேறு இரு வழிகளில் விரைவுக் குதிரையில் வருகின்றன. கொம்பின் வழியாகவே சொல்லிவிடலாமே என்று நீர் நினைக்கலாம். காரிமலைக் கொம்பு சொல்லும், பருந்துப்பாறை கேட்கும் என்பதே ஏற்பாடு. திருப்பிச் சொல்ல முடிந்தாலும் கொம்புக்கு உரிய ஏழு குறிப்புகளில் பிழை எங்களுடையது என்பதற்கு ஒன்று இல்லை. அப்படி ஒரு குறிப்பு தேவைப்படும் என்று வகுத்தவர்கள் நினைக்கவில்லை.

அழிசியாரை என்ன செய்வது என்பதை மன்னர் விண்ணந்தையாரோ எம் தேவியாரோ முடிவு செய்ய வேண்டா, கோடனே முடிவு செய்யட்டும் என்பது எம் வேண்டுகோள். அவர் எதைச் சொன்னாலும் எம் நாடு ஒரு சொல் மறுக்காது. ஓலை முழுவதும் பொது அவையில், கோடன் நிற்க அன்று, கோடன் இருக்கையில் அமர்ந்திருக்க, அவரைக் கண்டு சிரித்தவர்கள் எல்லோரும் கேட்க வாசிக்கப்படுக. வாசித்து முடியும் வரை அழிசியார் நிற்பார்.

வேங்கையும் வில்லும் பொறித்த அரக்கிலச்சினை இட்டு, சித்திரை ஐந்தாம் நாள் விடுத்தது. அறம் எம் பக்கம் இல்லாதபோதும் அறமே வெல்க. எழுத்து, ஓலைநாயகம் மாதேவன் கண்டனுடையது.

இக்கட்டின் கடைசி ஏடு தனி நூலால் கட்டப்பட்டுள்ளது. அது மன்னருக்கு அன்று, கோடனுக்கு. அதைத் தேவியாரே தம் கையால் எழுதினார். அரசர்கள் எழுத்தாணி பிடிக்கும் வழக்கமில்லை ஆதலால் எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்க. அதன் வாசகம் வருமாறு.

மலை நிற்க. மழை பொழிக. காரிமலைக் கொம்பின் காவலரும், பங்குனி ஒன்பதாம் நாள் விடியல் முதல் அந்தி வரை எம்மை அழைத்தவரும், குடத்து நீர் வற்றியும் கை வெந்தும் இடம் பெயராதவரும், நம்புவார் ஒருவரும் இல்லாத அவையிலும் உண்மையையே சொன்னவருமாகிய கோடனார் திருமுன்னுக்கு, எழினி எழுதுவது. நீர் அழைத்தீர். நாங்கள் கேட்கவில்லை. கேட்காத குற்றத்தை உம் தலையில் வைத்தோம். எங்கள் ஊரைக் காக்கப் புண்பட்ட கையைப் பொய்க்கை என்று பிறர் சொல்ல நாங்களே வழி செய்தோம். வெட்கப்படுகிறேன். இதைக் கொண்டுவந்து உம் எதிரில் நிற்பவர் பெயர் அழிசி. அவரை மன்னிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை, தண்டிக்க வேண்டும் என்றும் கேட்கவில்லை. பேச விருப்பமில்லையென்றால் பேசாதிரும், அதுவும் எமக்குத் தீர்ப்பே. இதற்கு மறுமொழி எழுத வேண்டும் என்று எண்ண வேண்டா. எழுதுவீராயின் ஒன்று மட்டும் தெரிந்துகொள்ள விரும்புகிறேன். கேட்கும் உரிமை எனக்கு இல்லை, ஆனாலும் கேட்கிறேன். உம் கைகள் இப்போது எப்படி இருக்கின்றன?